ஃபனுக் பழகிய கைக்கு சீமென்ஸ்

கோவைப் பக்கம் சிஎன்சி லேத்தில் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும் கடைசல் மெஷின்) தொழில் கற்ற பலரையும் போல நானும் ஃபனுக் கன்ட்ரோலில் வளர்ந்தவன். இப்போது கடைக்கு சீமென்ஸின் சினுமெரிக் 828டி கன்ட்ரோல் போட்ட மெஷின் வந்திருக்கிறது, அதில் புரோகிராம் போடவும் ஓட்டவும் பழகிக்கொண்டிருக்கிறேன். ஜி0, ஜி1, எம்3, எம்8 கட்டளைகள் எல்லாம் அதேதான், என்ன பெரிசா இருக்கப் போகுது என்கிறார்கள். உண்மைதான், ஆனால் தொல்லையே அந்த 'அதேதான்'-இல்தான் இருக்கிறது. தெரியாத ஜி-கோடு (code) போட்டால் அலாரம் வந்து மெஷின் நின்றுவிடும், மேனுவலைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பழகிய கோடு வேறு வேலை செய்யும் இடத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும்.

ஜி71-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபனுக் லேத்தில் வழக்கமாக அது ரஃபிங் சைக்கிள், பி-யும் க்யூ-வும் (ப்ரொஃபைல் தொடங்கும், முடியும் வரி எண்கள்) கொடுத்து ப்ரொஃபைலைக் காட்டிவிட்டால் போதும், அடுக்கடுக்காக உரித்துக்கொண்டு போகும். முடிவில் ஜி70 போட்டு ஃபினிஷிங். சீமென்ஸின் சொந்த மொழியில் ஜி71 என்றால் மெட்ரிக், ஜி70 என்றால் இன்ச், அவ்வளவுதான்! ஜி74-உம் அப்படியே. அங்கே விட்டு விட்டு டிரில் போடும் சைக்கிள், இங்கே ரெஃபரன்ஸ் புள்ளிக்குப் போகச் சொல்லும் கட்டளை.

அப்புறம் புள்ளி. பல ஃபனுக் மெஷின்களில் பாராமீட்டர் இருக்கிற விதத்தில், புள்ளி வைக்காமல் இசட்-500 என்று எழுதினால் அது 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர். அதே வரி சீமென்ஸில் 500 மி.மீ., அரை மீட்டர். பென் டிரைவில் இருக்கும் பழைய புரோகிராமை எடுத்துத் திருத்தி ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது இதைத்தான். இரண்டு மெஷினையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் எங்கே ஆனாலும் புள்ளி வைத்தே எழுதிவிடுவது நல்லது.

டூல் விஷயத்தில் மட்டும் சீமென்ஸ் எனக்குப் பிடித்துப்போயிற்று. டி0101 என்று எண்ணைக் கட்டிக்கொண்டு அழாமல் டூலுக்குப் பேர் வைத்து அழைக்கலாம், ஆஃப்செட்டுக்குப் பக்கத்தில் டி1 (இது இங்கிலீஷில் D, முன்னால் சொன்னது T, தமிழில் எழுதினால்தான் குழப்பம்). டரட்டில் (டூல்களை மாட்டும் சுழல் தலை) வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினால் டூல் லிஸ்டில் மாற்றினால் போதும், புரோகிராமைத் தொட வேண்டாம்.

ஜி96 (கட்டிங் ஸ்பீடை மாறாமல் வைக்கும் கட்டளை) போட்டு ஃபேசிங் (முகப்பைச் சீவுவது) பண்ணும்போது சுழற்சி வேகத்துக்குக் கட்டு போட ஃபனுக்கில் ஜி50 எஸ் எழுதுவோம், இங்கே லிம்ஸ்= என்று எழுத வேண்டும். நிமிடத்துக்கு 200 மீட்டர் கட்டிங் ஸ்பீடு கொடுத்தால் 20 மி.மீ. விட்டத்துக்கு வரும்போதே 3,180 ஆர்பிஎம்-ஐத் தாண்டிவிடும், நடுவை நெருங்க நெருங்க இன்னும் ஏறும். உங்கள் சக் எவ்வளவு தாங்கும் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும், அதைப் பார்த்து எண்ணைப் போடுங்கள்.

முதல் பீஸுக்கு நான் செய்வது இதுதான்: சிங்கிள் பிளாக் (ஒரு வரி முடிந்ததும் நின்று நின்று ஓடுவது), ரேப்பிட் ஓவர்ரைடை (வேக நகர்வின் சதவீதத்தை) தரைக்குக் கொண்டுவந்துவிடுவது, டூல் ஜாப்பை நெருங்கும்போது ஃபீட் ஹோல்ட் (நகர்வை நிறுத்தும் பட்டன்). ஸ்க்ரீனில் பொசிஷனுக்குப் பக்கத்தில் இன்னும் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று காட்டும் எண்கள் ஒரு பத்தியில் ஓடும். கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி ஒரு 10 மி.மீ. இருக்கும்போது அதில் 60 காட்டினால் ஆஃப்செட்டோ ஜி54-ஓ (ஜாப்பின் பூஜ்யப் புள்ளி) தப்பு, ரீசெட் அடித்துவிட வேண்டியதுதான்.

ஜி291 போட்டு ஐஎஸ்ஓ மோடில் ஃபனுக் ஸ்டைலிலேயே ஓட்டலாமே என்பார்கள். அந்த வசதி இருக்கிற மெஷினில் பழைய ஜாப் ஒன்றிரண்டுக்குச் சரி. புது ஜாப்புக்கும் அதையே பிடித்துத் தொங்கினால் இந்தக் கன்ட்ரோலுக்குக் கொடுத்த காசு வீண் என்பது என் கருத்து. சீமென்ஸின் சினுட்ரெய்ன் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டால் மெஷினை நிறுத்தாமலே பழகலாம்.

திரெட் கட்டிங் இன்னும் பாக்கி. ஃபனுக்கின் ஜி76-இல் மைக்ரானில் கொடுத்துப் பழகிய ஆழத்தை சீமென்ஸின் சைக்கிள்99-இன் கட்டங்களில் மி.மீ.யில் நிரப்ப வேண்டும். அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.