ஈ46 கிளட்ச் பெடல் வேலை: நாட்குறிப்பு

ஜனவரி 12, 2025, ஞாயிறு

வண்டி 2001 பி.எம்.டபிள்யூ. 330ஐ (ஈ46 என்பது இந்தத் தலைமுறை 3 சீரிஸின் பெயர்), 5 கியர் மேனுவல். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது வண்டி தலையாட்டுகிறது. காலை எவ்வளவு பதமாக எடுத்தாலும் அதே கதை.

"பெடல் சரியில்லை" என்ற பொத்தாம்பொதுவான புகாருக்கு வைத்தியம் கிடையாது. கனமா, தாமதமா, மெத்துமெத்தென்று இருக்கிறதா என்று முதலில் பிரிக்க வேண்டும். பெடலை ஐந்தாறு முறை வேகமாக மிதித்ததும் கிளட்ச் பிடிக்கும் இடம் மேலே ஏறினால் ஆயில் லைனில் காற்று இருக்கிறது. மிதியின் முதல் ஒரு சென்டிமீட்டர் வெறுமனே ஆடினால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டைப் பிடிக்கும் பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் தேய்ந்திருக்கும். கால் முழுக்க மேலே வந்த பிறகு கிளட்ச் பிடித்தால் அது தாமதம்.

இந்த வண்டியில் இருப்பது தாமதம். காலைக் குளிரில் இன்னும் மோசம், ஏனென்றால் கிளட்ச் லைனிலும் ஓடும் பிரேக் ஆயில் குளிரில் கெட்டிப்படும். புஷ் இறுக்கம், மாஸ்டர் தண்டின் அடியில் ஈரம் இல்லை.

ஜனவரி 18, சனி

தாமதத்துக்குக் காரணம் கிளட்ச் டிலே வால்வு. கியர் பாக்ஸ் பக்கத்தில் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும் லைனில் விரல் நீளத்தில் உட்காரும் உலோக உருளை. பெடலை விட்டதும் ஆயில் திரும்பும் வேகத்தை இது மட்டுப்படுத்தும். கிளட்சைச் சட்டென்று உதறி விடுபவர்களின் கையில் கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் அடி வாங்காமல் இருக்கத்தான் வைத்திருக்கிறார்கள். பதமாக ஓட்டுபவருக்கு அதுவே தொல்லை. கால் ஒன்று சொல்லும், கிளட்ச் வேறொன்று செய்யும்.

வண்டியை நான்கு ஸ்டாண்டில் ஏற்றி அடித்தட்டைக் கழற்றினால் கியர் பாக்ஸின் இடது பக்கத்தில் லைன் தெரியும். இரண்டு ஸ்பேனர் கட்டாயம்: ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒரே ஸ்பேனரில் முறுக்கினால் பைப் முறுக்கிக்கொள்ளும். பைப் நட்டுக்குச் சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும், ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான் சரி. கழற்றும் முன் ரிசர்வாயர் வாயில் பாலித்தீன் வைத்து மூடியை இறுக்கினால் சொட்டுவது குறையும். பெயிண்டில் பட்ட ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். துணியால் தேய்த்தால் பரவும்.

கழன்ற வால்வை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. மொத்தக் கிளட்சின் திரும்பும் வேகமும் இதன் வழியாகத்தான்.

இதையே டிரில் போட்டுப் பெரிதாக்கி மாட்டுபவர்களும் உண்டு. செலவில்லை, ஆனால் உள்ளே ஒரு உலோகத் தூள் தங்கினாலும் ஸ்லேவ் சீலைக் கீறிவிடும். அதே நீளத்தில், அதே மரையில், உள்ளே முழுக்கத் திறந்த வெற்று வால்வு விற்கிறது. அதைத்தான் மாட்டியிருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

காற்று எடுக்கும் வேலை. வால்வு மாற்ற ஆகும் நேரத்தைவிட இதற்கு அதிகம் ஆகும்.

டாட் 4 ஆயில் அரை லிட்டர் புது டப்பா. திறந்து வைத்த பழைய டப்பா வேண்டாம், காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். தரக்கணக்கில் டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155. சிலிக்கான் வகையான டாட் 5 இதில் சேரவே கூடாது. 5.1 வேறு, அது சேரும்.

கிளட்சும் பிரேக்கும் ஒரே ரிசர்வாயர். கிளட்சுக்குப் போகும் குழாய் பக்கவாட்டில் உயரத்தில் இருக்கிறது. மட்டம் கொஞ்சம் இறங்கினாலே கிளட்ச் காற்றை இழுக்கும், பிரேக்குக்கு ஒன்றும் ஆகாது. பாதி பேர் இங்கேதான் இரண்டாம் முறை வேலை பார்க்கிறார்கள்.

ஸ்லேவை மாட்டியபடியே காற்று வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தால் உள்ளே ஒரு குமிழ் எப்போதும் தங்கும். 13 மி.மீ. நட்டுகள் இரண்டையும் கழற்றி ஸ்லேவைக் கீழே இறக்கி, நிப்பிள் மேலே பார்க்கும்படி சாய்த்து, தண்டை முழுக்க உள்ளே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ரிசர்வாயரிலிருந்து ஆயிலை அழுத்தித் தள்ளும் பிரஷர் பிளீடரில் 1 பார் மட்டும் கொடுக்க வேண்டும். ஸ்லேவ் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் தெறித்து வந்துவிடும்.

முதலில் வந்தது கறுப்பு ஆயில். சீல் ரப்பர் கரையும்போது இந்த நிறம் வரும். ஆகவே இந்த ஸ்லேவ் அதிக நாள் தாங்காது. சுமார் 300 மி.லி. போன பிறகு தெளிந்தது. நட்டுகளுக்கு 22 முதல் 24 நியூட்டன் மீட்டர் போதும், தண்டின் நுனியில் துளி கிரீஸ்.

ஜனவரி 20, திங்கள்

தாமதம் போய்விட்டது. பெடலின் கனம் அப்படியே, அதை எதிர்பார்க்கவும் கூடாது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பின்னல் கம்பி ஹோஸ் போடலாமா என்ற கேள்வி. பழைய ரப்பர் ஹோஸ் உப்பியோ வெடித்தோ இருந்தால் போடலாம். நல்ல ரப்பரை எடுத்துவிட்டுப் போட்டால் காலுக்கு வித்தியாசம் தெரியாது. இன்ஜின் ஆடும் அளவுக்குத் தளர்வு விட்டு, சைலன்சர் பைப்பிலிருந்து தள்ளிக் கொண்டுபோக வேண்டும்.

அதைவிடப் பலன் தருவது பெடலுக்குப் பின்னால் வைக்கும் கிளட்ச் ஸ்டாப். கிளட்ச் முழுக்க விடுபட்ட பிறகும் பெடல் வீணாகக் கீழே போவதை இது தடுக்கும். இருபது நிமிடம் ஓட்டி, சூடான பிறகு அமைக்க வேண்டும். பெடல் ஸ்டாப்பில் முட்டியதும் மூன்று வினாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பார்க்கிறோம். அரைத்தால் ஸ்டாப் உயரம் அதிகம். அதை அப்படியே விட்டால் கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சின்க்ரோ தேயும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்னொருவருக்குப் பெடல் பயணம் குறைய வேண்டுமாம், பெரிய மாஸ்டர் போடச் சொல்கிறார். உதாரணக் கணக்கு: மாஸ்டரின் விட்டம் 15.87 மி.மீ., ஸ்லேவின் விட்டம் 19.05 என்றால் பரப்பு விகிதம் 1.44. மாஸ்டர் 25 மி.மீ. நகர்ந்தால் ஸ்லேவ் 17.4 நகரும். மாஸ்டரை 17.46 ஆக்கினால் ஸ்லேவ் 21 நகரும், கிளட்ச் சீக்கிரம் விடுபடும். ஆனால் கனம் 21 சதவீதம் கூடும். பெடலை அடிவரை மிதித்தால் கிளட்சின் டயாஃப்ரம் ஸ்பிரிங் விரல்கள் அளவு மீறி வளையும். அப்போது ஸ்டாப் கட்டாயம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஸ்லேவ் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பார்த்ததில் உள்ளே ஈரம். புது ஸ்லேவுக்குச் சொல்லியாயிற்று. அது வரும்வரை வாரம் ஒருமுறை ரிசர்வாயர் மட்டம்.