அலங்காரப் பதவியில் அடங்காத இளவரசர்

பிரிட்டனின் கடற்படைத் தலைமைப் பதவியான லார்டு ஹை அட்மிரல் பதவி வரலாற்றில் என் மனம் நின்றுவிடுவது கிளாரன்ஸ் கோமகன் வில்லியமிடம்தான். 1709 முதல் அந்த அதிகாரம் ஒரு குழுவின் கையில் இருந்தது. 1827இல் அவரை அமர்த்தியவர்கள், பெயருக்கு இருந்தால் போதும் என்று எண்ணினார்கள். அவரோ மாலுமிகளுக்கான சாட்டையடியைப் பெரும்பாலும் தடுத்தார். நீராவிப் போர்க்கப்பலுக்கு வழிவிட்டார். (இந்த இரண்டுக்காகவே அவரை மதிக்கிறேன்.) 1828இல் யாரிடமும் சொல்லாமல் கப்பல் படையோடு கடலுக்குப் போய்விட்டார். பத்து நாள் தகவலே இல்லை. பதவி போயிற்று.

1964இல் பட்டம் இரண்டாம் எலிசபெத்திடம் வந்தது. 2011 ஜூன் 10 அன்று, கணவர் பிலிப்பின் 90ஆவது பிறந்தநாளில், அதை அவருக்கே அளித்தார். வெறும் பட்டம்தான், ஆனால் 1941இல், இரண்டாம் உலகப் போரின்போது, கிரேக்கக் கடற்பகுதியில் நடந்த மத்தபன் முனைக் கடற்போரில் தேடுவிளக்குகளை இயக்கியவருக்கு அது முற்றிலும் பொருத்தம்.