எந்தப் பத்து மைக்ரோ விநாடி?

மொபைல் பிராட்பேண்ட் தரநிலை ஒன்றின் தேவை ஆவணத்தில், மல்டிபாத் தாமதம் (ஒரே சிக்னல் பல பாதைகளில் எதிரொலித்துப் பிந்தி வருவது) பற்றி ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு கூட்டங்கள், நடுவில் இரண்டு மாதம். முதல் பயணம் முழுக்க வீண். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

ஆவணத்தைக் கெடுவுக்குள் ஏற்றியது, பேச நேரம் வாங்கியது எல்லாம் சுலபமாக முடிந்தன. என் வரி இதுதான்: "10 மைக்ரோ விநாடித் தாமதம் வரை இணைப்பு தாங்க வேண்டும்." மூன்றாவது ஸ்லைடிலேயே பின்வரிசைக்காரர் ஒருவர் நிறுத்தினார். "எந்தப் பத்து? ஆர்எம்எஸ்ஸா, கடைசி எதிரொலியா?" ஆர்எம்எஸ் என்பது எல்லா எதிரொலிகளின் தாமதமும் வலிமைக்கேற்ப எவ்வளவு பரவியிருக்கிறது என்ற ஒருவகைச் சராசரி. கடைசி எதிரொலி என்றேன். "எத்தனை டெசிபல் வரை எண்ணினீர்கள்?" அதாவது, எவ்வளவு பலவீனமான எதிரொலி வரை கணக்கில் சேர்த்தீர்கள் என்கிறார். கள அளவீட்டு அறிக்கையைப் புரட்டினேன். அந்த எண் எங்கும் இல்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

அவர் கேட்டது நியாயம். ஐடியு-வின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) எம்.1225 பரிந்துரையில் வெஹிகுலர் பி என்ற சேனல் மாதிரி இருக்கிறது; எந்த எதிரொலி எவ்வளவு பிந்தி, எவ்வளவு வலுவோடு வரும் என்ற அட்டவணை அது. அதன் ஆர்எம்எஸ் 4 மைக்ரோ விநாடி. வலுவான பாதைக்கு 15 டெசிபல் கீழே வரை எண்ணினால் கடைசி எதிரொலி 12.9-இல் நிற்கும். 20 டெசிபல் வரை போனால் 20-க்கு ஓடிவிடும், ஏனென்றால் கடைசிப் பாதை 16 டெசிபல்தான் தாழ்ந்தது. ஒரே அட்டவணை, மூன்று விடை. இந்தத் தாமதத்தை வைத்துத்தான் சைக்ளிக் பிரிஃபிக்ஸ் நீளத்தை முடிவு செய்வார்கள்; எதிரொலி அடுத்த சிம்பலில் (ஒரு தடவை அனுப்பும் சிக்னல் துண்டு) கலக்காமலிருக்க முன்னால் விடும் பாதுகாப்பு நேரம் அது. பின்னால் வந்த எல்டிஇ-யில் (4ஜி) சாதாரண நீளம் சுமார் 4.7 மைக்ரோ விநாடி, நீட்டித்தது 16.7. நீட்டித்ததைப் போட்டால் ஒவ்வொரு சிம்பலிலும் ஐந்தில் ஒரு பங்கு நேரம் அதற்கே போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் மொட்டையாகப் பத்து என்று எழுதக் கூடாது.

நல்லவேளை, களக்குழு மூலத் தரவை அழிக்காமல் வைத்திருந்தது. எல்லா இடத்துக்கும் 15 டெசிபல் எல்லை போட்டு மறுபடி கணக்கிட்டோம். இரைச்சல் மட்டம் அந்த எல்லையைத் தொட்ட இடங்களை ஒதுக்கினோம். மூல அலைவடிவத்தை மட்டும் யாரும் அழித்துவிடாதீர்கள்.

இரண்டாம் கூட்டத்தில் வேறு இடி. விளக்கக் குறிப்பில் சைக்ளிக் பிரிஃபிக்ஸ் என்று எழுதியிருந்தேன். தேவை ஆவணம் எது வேண்டும் என்று சொல்லலாம், எப்படிச் செய்வது என்று சொல்லக் கூடாது, ஈக்வலைசர் (எதிரொலியை வாங்கும் பக்கத்தில் கணக்கிட்டு நீக்கும் முறை) வைத்துச் சமாளிப்பவர்களும் போட்டியில் இருக்கிறார்கள் என்று ஆட்சேபம். அந்தச் சொல்லை அங்கேயே அடித்து நீக்கிவிட்டேன். அப்புறம் ஒருவர், "எங்கள் செல் ஆரமே 2 கிலோமீட்டர்தான், இவ்வளவு தாமதம் எதற்கு?" என்றார். செல் என்பது ஒரு கோபுரத்தின் சிக்னல் எட்டும் பரப்பு. பலகையில் எழுதினேன்: 1 மைக்ரோ விநாடி, 300 மீட்டர். 20 மைக்ரோ விநாடி என்றால் போன் 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று பொருளில்லை. எதிரொலி நேர்ப்பாதையை விட 6 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்திருக்கிறது. தூரத்து மலையில் பட்டுத் திரும்பினால் சின்ன செல்லிலும் அது நடக்கும். அவர் தலையசைத்தார்.

வரி ஏற 75 சதவீத வாக்கு தேவை. தாண்டியது. டெசிபல் எல்லை, பிழை விகிதம், வண்டியின் வேகம் மூன்றும் வரியோடு சேர்ந்தே ஏறின. அன்றிரவே களக்குழுவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.