மினிவேன் லீஸ்: வண்டி கிடைக்காத காலத்தில் கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது, உதவிக்கு ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் ஆறு மாதம் வந்து தங்கப்போகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் பல தமிழ்க் குடும்பங்கள் மினிவேன் பக்கம் திரும்புவது அப்போதுதான். ஐந்து சீட் வண்டியில் பின்னால் இரண்டு கார் சீட்டை மாட்டிவிட்டால், நடுவில் ஒரு பெரியவர் உட்கார்ந்து நீண்ட தூரம் போக முடியாது.

ஆனால் தேவைப்படும் நேரத்தில் வண்டி கிடைக்க வேண்டுமே. 2021-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது டீலர் வளாகங்கள் வெறிச்சோடின. ஹைபிரிட்டாக மட்டுமே வரும் டொயோட்டா சியன்னாவுக்கு அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. சரக்கு குறைந்தால் ஸ்டிக்கர் விலைக்கு, அதாவது வண்டியில் ஒட்டியிருக்கும் தயாரிப்பாளர் விலைக்கு, மேல் 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' என்று ஒரு தொகை ஏறும். சொந்தமாக வாங்குபவருக்கு அது பளிச்சென்று தெரியும். லீஸ் எடுப்பவருக்கோ மாதத் தொகைக்குள் கரைந்து போகும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். ஸ்டிக்கர் விலை 45,000 டாலர், 36 மாத லீஸ். முடிவில் வண்டிக்கு இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் மதிப்பு, அதாவது ரெசிடுவல், 60 சதவீதம்: 27,000. லீஸைத் தொடங்க லீஸ் நிறுவனம் வாங்கும் அக்விசிஷன் கட்டணம் 700 சேர்த்தால் தொடக்க விலை 45,700. இதில் 27,000 போக மீதி 18,700. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 519 டாலர். இது தேய்மானத்துக்கு. வட்டிக்கு வேறு கணக்கு: 45,700-ஐயும் 27,000-ஐயும் கூட்டி, மனி ஃபாக்டரால், அதாவது லீஸில் வட்டி விகிதத்தைக் குறிக்கும் சிறு எண்ணால், பெருக்க வேண்டும். மனி ஃபாக்டர் .0025 என்றால் 182 டாலர். ஆக வரிக்கு முன் மாதம் 701.

இப்போது டீலர் 3,000 டாலர் ஏற்றுகிறார் என்று வையுங்கள். ரெசிடுவல் ஸ்டிக்கர் விலையின் மீதுதான் கணக்கிடப்படும். ஏற்றிய விலையின் மீது அல்ல. அதனால் அந்த 3,000-இல் ஒரு டாலர்கூட முடிவில் உங்களுக்குத் திரும்பாது. முழுவதும் மூன்று வருடத்துக்குள் உங்கள் பையிலிருந்தே போகும், வட்டியோடு. மாதம் 792, அதாவது 91 டாலர் கூடுதல்; 36 மாதத்தில் 3,270. சொந்தமாக வாங்கிப் பத்து வருடம் ஓட்டுபவருக்கு ஏற்றிய விலை ஓரளவு பரவிவிடும். லீஸில் அதற்கு வழியே இல்லை. ஆகவே ஸ்டிக்கர் விலைக்கு மேல் கொடுத்து லீஸ் எடுக்காதீர்கள். நூறு மைல் தள்ளி இருக்கும் டீலரிடம் பெயரைப் பதிவுசெய்து காத்திருப்பது நல்லது.

டீலர் தொகையை ஏற்றக்கூடிய இரண்டாவது இடம் மனி ஃபாக்டர். அதை 2,400-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ வருட வட்டி கிடைக்கும்: .0025 என்றால் 6 சதவீதம். லீஸ் நிறுவனம் கொடுக்கும் விகிதத்துக்கு மேல் டீலர் சற்று ஏற்றிக்கொள்ள இடமுண்டு. அது .0029 ஆனால் மேற்சொன்ன வண்டிக்கே மாதம் 29 டாலர் கூடும், மொத்தம் ஆயிரத்துக்கு மேல். மனி ஃபாக்டரை எழுதிக் காட்ட வேண்டும் என்று மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வாடகைக் கட்டணம், அதாவது 'ரென்ட் சார்ஜ்', எவ்வளவு என்று ஒப்பந்தப் படிவத்தில் காட்டியே ஆக வேண்டும். அந்தத் தொகை 6,543 என்று இருந்தால் முதலில் 36-ஆல் வகுங்கள்: 181.75. அதை மறுபடி 72,700-ஆல், அதாவது தொடக்க விலையும் ரெசிடுவலும் சேர்ந்த தொகையால் வகுங்கள்: .0025. கையெழுத்துப் போடும் மேசையிலேயே செல்போனில் ஒரு நிமிடத்தில் முடியும் வேலை.

டவுன் பேமென்ட் பெரிதாகக் கட்டினால் மாதத் தொகை குறைந்து பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டாம் மாதமே விபத்தில் வண்டி முற்றிலும் சேதமானால், இன்சூரன்ஸ் பணம் லீஸ் நிறுவனத்துக்குத்தான் போகும். கட்டிய முன்பணம் பெரும்பாலும் வராது. முதல் மாதத் தொகையும் பதிவுக் கட்டணமும் மட்டும் கட்டுங்கள். கேப் கவரேஜ், அதாவது இன்சூரன்ஸ் தரும் பணத்துக்கும் லீஸில் பாக்கியுள்ள தொகைக்கும் இடையிலான வித்தியாசத்தை ஈடுகட்டும் பாதுகாப்பு, ஒப்பந்தத்திலேயே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்களில் சேர்ந்தே வரும். அதையே தனியாக விற்க வந்தால் வாங்காதீர்கள்.

வண்டிக்காகப் பெயரைப் பதிவுசெய்யும்போது, அதற்குக் கட்டும் முன்பணம் திருப்பித் தரப்படும் என்பதையும், ஸ்டிக்கர் விலைக்கு மேல் எதுவும் இல்லை என்பதையும், டீலர் மாட்டும் கூடுதல் சாமான்களின் பட்டியலையும் எழுத்தில் வாங்குங்கள். டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் எண் பொறித்தல், பெயின்ட் பூச்சு என்று டீலர் சேர்க்கும் எதுவும் ரெசிடுவலை உயர்த்தாது. இன்னொன்று, பலரும் கவனிக்காதது: ரெசிடுவலும் மனி ஃபாக்டரும் மாதாமாதம் மாறக்கூடியவை. பொதுவாக வண்டியை எடுக்கும் நாளில் உள்ளதுதான் செல்லும், பதிவு செய்த நாளில் இருந்தது அல்ல. ஏப்ரலில் கேட்ட மாதத் தொகை ஜூலையில் நிற்காமல் போகலாம். வண்டி வந்த அன்று கணக்கை முதலிலிருந்து போடுங்கள். பழைய லீஸ் அதற்குள் முடிந்தால், மாதாமாதம் நீட்டிக்கப் பெரும்பாலான நிறுவனங்கள் சம்மதிக்கும். இரண்டு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் மாதத் தொகையின் மீது. டெக்ஸஸில் வண்டியின் முழு விலைக்கும் 6.25 சதவீதம். டாலஸ் பக்கம் இருப்பவர்கள் லீஸா கடனா என்று முடிவெடுப்பதற்கு முன் இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மைல் கணக்கில் தாராளமாக இருங்கள். அம்மா அப்பா வந்திருக்கும்போது நியூஜெர்ஸியிலிருந்து நயாகராவும் பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரா கோயிலும் போகாமல் இருக்க முடியாது. பிட்ஸ்பர்க்குக்கு ஒருவழியே 300 மைலுக்கு மேல். வருடம் 12,000 என்று எழுதி 15,000 ஓட்டினால், மைலுக்கு 20 சென்ட் வீதம் மூன்று வருடத்தில் 1,800 டாலர். முதலிலேயே 15,000 கேட்டால் ரெசிடுவல் வழக்கமாக ஒன்றிரண்டு சதவீதம்தான் இறங்கும். இந்த வண்டிக்கு 450 முதல் 900 டாலர்.

கார் சீட்டுகளை டீலரிடம் கொண்டுபோய் மாட்டியே பாருங்கள். இரண்டாம் வரிசையில் பின்னோக்கிய சீட்டை மாட்டிய பிறகு, மூன்றாம் வரிசைக்குப் பாட்டி குனியாமல் ஏற முடிகிறதா? ஏழு சீட் வண்டியில் நடுவழி இருக்கும், எட்டு சீட்டில் இருக்காது. ஹோண்டா ஒடிஸியில் நடு சீட்டைக் கழற்றினால் மற்ற இரண்டையும் பக்கவாட்டில் நகர்த்தலாம். இப்போதைய சியன்னாவில் இரண்டாம் வரிசையைக் கழற்றவே முடியாது. உட்புறம் கறுப்பில் கிடைத்தால் அதையே எடுங்கள். வெளிர் சீட்டில் சாம்பார் கொட்டினால் மஞ்சள் கறை போகாது. திருப்பித் தரும்போது அதற்கும் கட்டணம். நகரும் கதவின் கீழ்த் தடத்தை வாரம் ஒருமுறை துடையுங்கள். முறுக்குத் துண்டும் சிறு கல்லும் சிக்கினால் கதவு பாதியில் நின்று திரும்பிவிடும்.

திருப்பித் தரும் நாளில் இரண்டு சாவி, மூன்றாம் வரிசை ஹெட்ரெஸ்ட்கள், டயரின் பள்ளங்களில் 4/32 அங்குல ஆழம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். கழற்றிக் கராஜில் வைத்த நடு சீட்டையும் மறக்காமல் ஏற்றுங்கள். அது இல்லாவிட்டால் புது சீட்டின் விலையைக் கேட்பார்கள்.