கேழ்வரகு யானை

டிசம்பர் 2, செவ்வாய்

பெங்களூரு காமிக்ஸ் விழாவில் விற்பனை மேசை உண்டா இல்லையா என்று சொல்லும் மெயில் வரவில்லை. ஸ்பேமிலும் பார்த்தாயிற்று.

டிசம்பர் 4, வியாழன்

கொக்கி ஊசியால் போடும் குரோஷே பொம்மைகளில் வைக்கோல் தொப்பிக்காரன் இரண்டு முடிந்தது. மூங்கில் பொண்ணுக்கு முடி மட்டும் பாக்கி. இருவரும் ஜப்பானிய கார்ட்டூன் தொடர்களில் வருபவர்கள். இவை விற்கும், அதில் சந்தேகமே இல்லை. பிள்ளைகள் இவற்றைப் பார்த்துத்தான் மேசைப் பக்கமே வருவார்கள். எனக்கும் இவர்களை அவ்வளவு பிடிக்கும். பிடிக்காமலா அந்த கிமோனோவின் இளஞ்சிவப்புக்காக ராத்திரி பதினொரு மணிக்கு நூல் தேடிக்கொண்டிருக்கிறேன்? ஆனாலும் மேசையில் ஒன்றாவது முழுக்க என்னுடையதாக இருக்கவேண்டும். எந்தத் தொடரிலும் வராததாக, இந்தப் பக்கத்து மண்ணில் நடமாடுவதாக.

யானை போடப்போகிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

மேஜிக் ரிங் என்கிற தொடக்க வளையத்தில் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அப்புறம் பதினெட்டு, இருபத்துநான்கு. தலை சுலபமாக வந்துவிடுகிறது. துதிக்கைதான் படுத்துகிறது. நேராகப் போட்டால் குழாய் மாதிரி நிற்கிறது. உள்பக்கம் குட்டைக் கண்ணியும் வெளிப்பக்கம் நெட்டைக் கண்ணியுமாகப் போட்டால் தானாக வாய்ப்பக்கம் வளைகிறது. அந்த வளைவில் ஒரு கேழ்வரகுக் கதிர்.

அப்புறம் கண். ஆறு மில்லிமீட்டர் கறுப்புக் கண், பின்னால் வாஷர். வாஷரை ஒருமுறை அழுத்திவிட்டால் கழற்ற முடியாது. அதனால் பஞ்சு அடைக்கும் முன்பு குத்தி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கண்ணி தள்ளி வைத்தால் குழந்தை முகம். ஒரு கண்ணி நெருக்கினால் முறைக்கிறது. எனக்கு இரண்டும் வேண்டாம். பாட்டி காலத்திலிருந்து நடந்த வழியில் நடக்கிற யானை இது. அந்த நிதானம் முகத்தில் வரவேண்டும்.

தந்தம் வைக்கவில்லை. கூட்டத்தை நடத்துவது வயதான பெண் யானைதானே.

டிசம்பர் 10, புதன்

தேன்கனிக்கோட்டை அத்தை வயலில் நேற்று ராத்திரி யானை இறங்கியிருக்கிறது. பன்னேர்கட்டாவிலிருந்து கிளம்பி ஜவளகிரி, தளி என்று வருடாவருடம் இதே நேரத்துக்கு வரும் கூட்டம். கதிர் முற்றினால் அதற்குத் தெரிந்துவிடும்.

அத்தை போனில் அழவில்லை. "ராத்திரி பூரா டின்னைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம் பாப்பா. விடிஞ்சு பார்த்தா பாதி வயலு மிதிச்சுக் கெடக்குது. தின்னதைக்கூட விடு, மிதிச்சதுதான் வயித்தெரிச்சல்" என்றார்கள். அம்மா சும்மா இருக்காமல் நான் யானை பொம்மை போடுவதைச் சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அது வாயில கேவுரு வேற வெச்சிருக்கியாமே" என்றார்கள்.

எனக்குப் பதில் வரவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

கதிரை எடுத்துவிடலாமா?

டிசம்பர் 12, வெள்ளி

எடுக்கமாட்டேன். கதிர் இல்லாவிட்டால் அது எந்த ஊர் யானையாகவும் இருந்துவிட்டுப் போகும்.

டிசம்பர் 14, ஞாயிறு

விலை. நாள் முழுக்க விலைதான்.

நூல், கண், பஞ்சு, சாவி வளையம், அட்டை, கவர் எல்லாம் சேர்த்தால் ஒரு யானைக்கு நூறு ரூபாய் தாண்டாது. ஆனால் மூன்றரை மணி நேரம் ஆகிறது. காது தைக்கவே அரை மணி. மேசை வாடகையில் என் பாதி, வண்டிக்கூலி, இரண்டு நாள் சாப்பாடு. எப்படிக் கூட்டினாலும் 500க்குக் கீழே இறக்க வழியில்லை. அண்ணன் 250 வை என்கிறான். "ஆன்லைன்ல 150க்குக் கொடுக்கிறான், நீ 500ன்னா யாரு நிப்பாங்க?"

அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் இருக்கிறது. இந்த மாதிரி குரோஷே பொம்மையைப் போட்டு மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு அனுப்புகிற இயந்திரம் இன்னும் வரவில்லை. அப்படியானால் அந்த 150 ரூபாய் பொம்மையையும் எங்கோ ஒருத்தி கையால்தான் போட்டிருக்கிறாள். அவளுக்கு மூன்றரை மணி நேரத்துக்கு என்ன கிடைத்திருக்கும்? நான் 250க்கு இறங்கினால் பக்கத்து மேசைக்காரியும் இறங்கவேண்டி வரும். நானாவது என் மணி நேரத்தை எழுதி ஒட்டப்போகிறேன். அட்டையில் விலைக்குக் கீழே, "மூன்றரை மணி நேரம்". அவ்வளவுதான், விளக்கம் வேண்டாம்.

அண்ணன் கடைசியில், "சரி, உன் இஷ்டம்" என்றான். கோபமில்லை. வேன் மட்டும் கேட்டு வைக்கிறேன் என்றான்.

டிசம்பர் 16, செவ்வாய்

மெயில் இல்லை. கட்டைவிரல் அடியில் சுருக்கென்கிறது.

டிசம்பர் 18, வியாழன்

வந்துவிட்டது! யாரோ விலகியிருக்கிறார்கள், அந்த மேசை எங்களுக்கு. ஜனவரி 24, 25, வைட்ஃபீல்டு. மேசையில் பாதிப் பங்கு தர்மபுரி அக்காவுக்கு. அவருக்கு போன் போட்டால் பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். "என்னது? என்னது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் காதில் விழுந்ததும் அங்கேயே கத்திவிட்டார்.

விதிமுறை இரண்டு பக்கம். எல்லாம் சொந்தக் கையால் செய்ததாக இருக்கவேண்டும், வாங்கி விற்கும் சரக்கு ஒன்றுகூடக் கலக்கக்கூடாது, எந்தத் தொடரின் அதிகாரபூர்வ லோகோவும் ஆகாது. நல்ல விதிகள். அக்காவின் களிமண் தோடும் என் பொம்மையும் ஆறடி மேசையில் பாதிப் பாதி.

டிசம்பர் 21, ஞாயிறு

1975இல் இதே டிசம்பர் 21ஆம் தேதிதான் டோக்கியோவில் காமிக்கெட் என்கிற காமிக்ஸ் சந்தை முதன்முதலாக நடந்திருக்கிறது. 32 குழுக்கள், வந்தவர்கள் சுமார் 700 பேர். தாங்களே வரைந்து அச்சடித்ததைத் தாங்களே மேசை போட்டு விற்றிருக்கிறார்கள். இன்றோடு ஐம்பது வருடம். இன்று அது கடல் மாதிரிக் கூட்டம். அந்த 32 குழுக்களில் எவருக்காவது முந்தின ராத்திரி தூக்கம் வந்திருக்குமா?

டிசம்பர் 23, செவ்வாய்

கட்டைவிரலுக்கு டாக்டர் பட்டை கொடுத்தார். இரண்டு வாரம் ஓய்வு என்கிறார். இரண்டு வாரம்!

டிசம்பர் 27, சனி

பர்கூர் போய் மேசைத் துணி எடுத்தோம். அடர் பச்சை. கறுப்பில் யானையின் சாம்பல் நிறம் மங்கிவிடும் என்று அக்கா சொன்னது சரிதான். தரை வரை தொங்க வேண்டும், அப்போதுதான் கீழே அட்டைப்பெட்டிகளை மறைக்கலாம். மேலே நிறுத்த கம்பி ஜாலி நான்கு. அதை பிளாஸ்டிக் டேகால் கட்டிவிட்டால் சாவி வளையங்களைக் கண் மட்டத்தில் தொங்கவிடலாம். படுக்கவைத்த பொம்மையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்று போன வருடம் போனவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

ஓய்வு ஓய்வு என்று அம்மா ஊசியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

ஜனவரி 3, சனி

அத்தை ஆள் மூலமாக ஒரு மஞ்சப்பை அனுப்பியிருந்தார்கள். உள்ளே தாளில் சுற்றிய கேழ்வரகுக் கதிர்கள், காம்போடு. மிதிபடாமல் தப்பியது போல. கூடவே போனும் வந்தது.

"உங்கம்மா போட்டோ அனுப்பிச்சா. கதிரு அப்படியா இருக்கும்? குச்சி மாதிரி போட்டிருக்கே. போடறதுன்னா ஒழுங்கா போடு."

மேசை விளக்கடியில் ஒரு கதிரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காம்பின் உச்சியில் ஒரே இடத்திலிருந்து ஐந்தாறு விரல்கள் கிளம்புகின்றன. முற்றியதில் எல்லாம் உள்பக்கம் மடங்கியிருக்கின்றன. ஒரு விரல் மட்டும் கீழே தள்ளி, தனியாக. மணிகள் விரலின் வெளிப்பக்கத்தில் நெருக்கமாக, கரும்பழுப்பு, நகத்தால் தட்டினால் உதிர்கிறது. சங்கிலி போட்டு ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு போட்டால் நூல் தானாகச் சுருண்டுகொள்ளும், அதுதான் வழி. ஊசியை அம்மாவே கொண்டுவந்து கொடுத்தாள்.

பழைய கதிர்களை எல்லாம் வெட்டிவிட்டுப் புதிதாகத் தைக்கவேண்டும். தைப்பேன்.

ஜனவரி 8, வியாழன்

கதிர், கதிர், கதிர். பட்டை போட்டுக்கொண்டே போடப் பழகிவிட்டது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அத்தை வந்திருந்தார்கள். முடித்த யானைகள் பெட்டியில் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கதிரை மட்டும் விரலால் நீவிவிட்டு, "இப்ப சரி" என்றார்கள். யானையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வயலுக்கு நஷ்ட ஈட்டு மனு கொடுத்திருப்பதை அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். எடுத்துக்கங்க அத்தே என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மனசு என்னவோ போல இருக்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறிவிடலாம் என்று அக்கா. ஆர்.வி. ரோட்டிலும் மெஜஸ்டிக்கிலும் மாறணும், நான்கு பெட்டி, ஜாலி வேறு. முடியாது. அண்ணன் சொன்ன வேன்தான்.

ஜனவரி 22, வியாழன்

சில்லறை: இருபது, ஐம்பது, நூறு. க்யூஆர் அட்டை இரண்டு, அம்மா போனுக்கு ஒன்று. கத்தரி. டேக். சின்னக் குழந்தைகளுக்குக் கண் தைத்த பொம்மை தனிப்பெட்டி, பொத்தான் கண் வாயில் போனால் ஆபத்து. தூக்கம் இல்லை.

ஜனவரி 24, சனி, இரவு

அண்ணன் ரூமில் இருக்கிறேன். கால் இரண்டும் கெஞ்சுகிறது.

பத்தரைக்கே கூட்டம் ஏறிவிட்டது. வைக்கோல் தொப்பி மதியத்துக்குள் காலி. மதியம் டவர் செத்துவிட்டது, யாருக்கும் பணம் போகவில்லை. தோளில் நுரை வாள் சுமந்த ஒரு பெண், "எடுத்து வைங்க, வந்துடறேன்" என்று ஓடி, எங்கிருந்தோ 500 ரூபாய்த் தாளோடு வந்தாள். முதல் யானை அவளுக்கு.

விலையைப் பார்த்துவிட்டு நகர்ந்தவர்கள் நிறைய. கீழே உள்ள வரியைப் படித்துவிட்டு நின்றவர்களும் இருந்தார்கள்.

மூன்று மணி வாக்கில் ஒருவர் மகளோடு வந்தார். மகள் மூங்கில் பொண்ணை எடுத்துக்கொண்டாள். அவர் யானையைத் தொடாமல் கதிரையே பார்த்தார். "ராகி?" என்றார். ஆமாம் என்றேன். "நம்ம ஹொலக்கூ பருத்தெ", எங்கள் வயலுக்கும் வரும் என்று தலையாட்டினார். ஆனேக்கல் பக்கமாம். பன்னேர்கட்டா காட்டை விட்டு இறங்கினால் முதலில் அவர்கள் ஊர், அப்புறம் எங்கள் பக்கம். எனக்குத் தெரிந்த கன்னடமும் அவருக்குத் தெரிந்த தமிழுமாக, பரண், பட்டாசு, நஷ்ட ஈடு என்று பேசிக்கொண்டே இருந்தோம். அதுவரை மேசையை அக்காதான் தனியாகப் பார்த்துக்கொண்டார். யானையை அவர் வாங்கவில்லை. போட்டோ எடுத்துக்கொள்ளலாமா, வீட்டில் அம்மாவுக்குக் காட்டணும் என்று கேட்டு எடுத்துக்கொண்டு போனார்.

இதை அத்தையிடம் சொல்லவேண்டும். இப்போது மணி பதினொன்று, தூங்கியிருப்பார்கள்.

ஜனவரி 25, ஞாயிறு, காலை 5

யானை நான்குதான் மிச்சம். பஞ்சு அடைக்காத உடம்புகள் பையில் கிடக்கின்றன. கட்டைவிரல் மடங்க மறுக்கிறது. கண்ணை நான் வைக்கிறேன், நீ காதை மட்டும் தை என்கிறார் அக்கா. காதை வேண்டுமானால் அவர் தைக்கட்டும். கண்ணை யாரிடமும் கொடுக்கமாட்டேன்.