சிறைக்குள்ளிருந்து ஓர் அரைப் பக்கம்

கடலூர் கேப்பர் மலைச் சிறையில் இருக்கும் தன் தம்பியின் கடிதங்களை எங்கள் தெரு அக்கா ஒருவர் நேற்று எனக்குப் படிக்கக் கொடுத்தார். கோடு போட்ட தாள், அதன் ஓரத்தில் அதிகாரி படித்துப் பார்த்ததற்கான முத்திரை. காலையில் எண்ணிக்கைக்காக வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்பவரின் சட்டைக் காலரில் பிரிந்திருந்த தையலைப் பற்றி மட்டும் அவர் அரைப் பக்கம் எழுதியிருந்தார். இத்தனை ஆண்டுகளாக நான் செய்தித்தாள்களில் படித்த எந்தச் செய்தியிலும் சிறை இவ்வளவு அருகில் தெரிந்ததில்லை.

அமெரிக்காவின் மினசோட்டாவில், ஸ்டில்வாட்டர் சிறைக் கைதிகள் 1887-லேயே 'பிரிசன் மிரர்' என்ற இதழைத் தொடங்கிவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் 1940-ல் தொடங்கி இடையில் நின்றுபோன பத்திரிகை, 2008-ல் மீண்டும் உயிர் பெற்றது. நினைத்த நேரத்தில் தொலைபேசியோ இணையமோ கிடைக்காத நிலையிலும், சிறைவாசிகளே செய்தி சேகரித்து எழுதுகிறார்கள்.

நமக்கும் இது அந்நியமானதன்று. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைதான பாரதியார், மூன்று வாரங்களுக்கு மேல் இதே கடலூரில்தான் சிறையிருந்தார். ராஜாஜி வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதினார். தலைவர்களின் சிறை எழுத்தைப் போற்றிக் காக்கும் நாம், சாதாரண வழக்கில் உள்ளே போனவரின் எழுத்தைக் கேட்டு வாங்குவதே இல்லை என்பது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் விசாரணைக் கைதிகள்.

தம்பியின் சம்மதம் கேட்டு அக்கா கடிதம் போட்டிருக்கிறார். பதில் வந்ததும், பெயரை விட்டுவிட்டு, அந்த அரைப் பக்கத்தை இங்கே அப்படியே பதிவிடுகிறேன்.