பொங்கல், புயல், காவடி: ஜனவரி மாசத்து அடுப்படி கணக்கு

13 ஜனவரி 2024, சனி
கத்ர் போர்ன்

மொரிஷியஸ்ல ஜனவரி மாசம் இருக்கே, அது ரொம்ப நீளமான மாசம். டிசம்பர்ல எல்லாருக்கும் 13வது மாச சம்பளம் போனஸா வந்துடுது, வந்த வேகத்துல கேக்கு பட்டாசு கிஃப்ட்டுன்னு போயும் போயிடுது, அப்புறம் ஸ்கூல் யூனிஃபார்ம், ஷூ, நோட்டுன்னு அடுத்த வரிசை வந்து நிக்குது. அதனால இந்த மாசம் காய்கறி, பால், பிரெட், மளிகை எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 2,500 மொரிஷியஸ் ரூபா, அதுக்கு மேல ஒரு பைசா கிடையாதுன்னு இவர்கிட்டயும் அத்தைகிட்டயும் சொல்லிட்டேன். வீட்டுல அஞ்சு பேர்.

எல்லாரும் மெனு போட்டு லிஸ்ட் எழுதிகிட்டு கடைக்குப் போங்கன்னு சொல்றாங்க, எனக்கு அது ஒத்து வராது. லிஸ்ட்ல பீன்ஸ்னு எழுதிட்டா அது என்ன விலை வித்தாலும் கை அதைத்தான் தேடும். நான் முதல்ல சந்தையை ஒரு சுத்து சும்மா சுத்துவேன், எது மலிவோ அதை வாங்கி வந்து அப்புறம்தான் மெனு.

இன்னைக்கு சந்தையில ஒரே பேச்சு, பெலால் புயல். எல்லாரும் மெழுகுவர்த்தியும் பிரெட்டும் டின் மீனும் அள்ளறாங்க. டின் மீன் நமக்கு வேண்டாம், செவ்வாய்க்கிழமை காவடி விரதம் ஆரம்பிக்குது. முழு பூசணிக்காய் ஒண்ணு, சேப்பங்கிழங்கு, உருளை, வெங்காயம், நாலு தேங்காய் எடுத்தேன். கீரை பக்கமே போகல, கரண்ட் போச்சுன்னா ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் தாங்காது.

15 ஜனவரி, திங்கள்

பொங்கலும் புயலும் ஒரே நாள்ல. காலையில வாசல்ல பொங்கல் வைக்க வழியே இல்ல, கிச்சன்ல கேஸ் அடுப்புலதான் வெச்சேன், காத்து ஊளையிடற ஊளையில குலவை போட்டதுகூட யாருக்கும் கேட்டிருக்காது. ரேஷன் அரிசிதான் போட்டேன். அரசாங்கம் மானியத்துல விக்கிற அரிசி, எந்தக் கடையிலயும் கிடைக்கும், வாசம் ஒரு மாதிரின்னு இங்க நிறைய பேர் தொட மாட்டாங்க, ஆனா பொங்கலுக்கும் தோசை மாவுக்கும் பாஸ்மதியைவிட அதுதான் சரியா வரும். நல்லாக் குழையும்.

மத்தியானத்துக்கு மேல தலைநகர் போர்ட் லூயி வீடியோ எல்லாம் வர ஆரம்பிச்சுது, ரோட்டுல ஆறு மாதிரி தண்ணி, காரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்குது. இவர் ஆபீஸ் அங்கதான். இருட்டறதுக்கு முன்னாடி நனைஞ்சு வந்து சேர்ந்தார், அதுவரைக்கும் நான் எதையும் சமைக்கல. ராத்திரி எல்லாருக்கும் மீதிப் பொங்கல்.

17 ஜனவரி, புதன்

கொடி ஏறியாச்சு, வீட்டுல சைவம். 25ஆம் தேதி வரைக்கும் மீன் முட்டை எதுவும் கிடையாது.

நாடு முழுக்க வயல் தண்ணியில நிக்குது, அதே நேரத்துல ஊர்ல இருக்கிற தமிழ்க் குடும்பமெல்லாம் காய்கறி மட்டும்தான் சாப்பிடுது, விலை என்ன ஆகும்? சந்தைக்குப் போனா தக்காளி போன வாரத்தைவிட டபுள். கொத்தமல்லி கட்டு, பொம்மைக்குக் கட்டின மாதிரி இருக்கு, அதை விக்கிற விலைக்கு அரைக்கிலோ பருப்பு வாங்கலாம். கடைக்காரம்மா சொன்னாங்க இது ஒண்ணும் இல்ல, இப்ப வர்றது தண்ணியில அழுகறதுக்கு முன்னாடி அவசரமா பறிச்சது, நிஜ விலை அடுத்த வாரம்தான் தெரியும்னு. செடியில பூ உதிர்ந்து போயிருக்கு, கீரை திரும்ப விதைச்சு வர ஒரு மாசம் ஆகும்.

அதனால தக்காளிக்குப் புளி. அத்தை முகம் சுளிச்சாங்க, இந்த ஊர்ல தக்காளி இல்லாம கறி வைக்கிறதை யாரும் கறின்னே ஒத்துக்க மாட்டாங்க. சனிக்கிழமை வாங்கின பூசணிதான் கை கொடுத்துது. பாதி கூட்டு, தோலைச் சீவி வரமிளகாய் தேங்காய் வெச்சு துவையல், விதையைக் கழுவி உப்பு போட்டு வறுத்து சின்னவனுக்கு டப்பாவுல. மீதிப் பாதி நாளைக்கு சாம்பார்.

20 ஜனவரி, சனி

பக்கத்து வீட்டு பலாமரம் புயல்ல பாதி முறிஞ்சு போச்சு, பிஞ்சுக் காயெல்லாம் தரையில. அந்த அக்கா ரெண்டு கொண்டு வந்து கொடுத்தாங்க. இங்க விசேஷத்துக்கு வாழை இலையில போடற ஏழு கறிச் சாப்பாட்டுல பலாக்காய் கறி கட்டாயம், கடையில இப்ப அதை வாங்க முடியாது. பேப்பர் விரிச்சு, கத்தியிலயும் கையிலயும் எண்ணெய் தடவிகிட்டு உட்கார்ந்தேன், பெரியவ கேலி பண்ணிகிட்டே கிட்ட வந்தா, அவ தலைமுடியில பால் ஒட்டி அதை எடுக்க அரைமணி நேரம். துண்டு போட்டு மஞ்சள் உப்போட ஒரு கொதி விட்டு ஃப்ரீஸர்ல வெச்சாச்சு. காவடி அன்னைக்கு மசாலா மட்டும் அரைச்சாப் போதும்.

முருங்கைக்கீரை வேலியில சும்மா கிடைச்சுது. கிளை முறிஞ்சாலும் இலைக்கு ஒண்ணும் ஆகல. இந்த வாரம் மீதி பிளான்: தால், கருப்பு லென்ட்டிப் பருப்பு, சோயா, பெரிய மொச்சை மாத்தி மாத்தி. மொச்சையை டின்ல வாங்கறவங்களைப் பார்த்தா எனக்குப் புரியறதே இல்ல, ராத்திரி ஊறப்போட என்ன கஷ்டம்.

23 ஜனவரி, செவ்வாய்

பணம் காய்கறியில போகல, எலுமிச்சம்பழத்துல போகுது. இவர் காவடி எடுக்கறார், எலுமிச்சை, பால், பூ, கற்பூரம். பூ எல்லாம் புயல்ல போச்சு, இருக்கிறது தங்க விலை. இதை சாப்பாட்டுக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு தனியா ஒரு கவர் போட்டேன், அத்தை தன் பென்ஷன் பணத்துல இருந்து எடுத்து அதுல வெச்சாங்க. வேண்டாம்னேன். "முருகனுக்கு வெக்கிறேன், உனக்கு இல்ல"ன்னுட்டாங்க.

வாழை இலைதான் பெரிய தலைவலி. இருக்கிற இலை எல்லாம் காத்துல கிழிஞ்சு நாரு நாரா தொங்குது. துண்டு துண்டா நறுக்கி ரெண்டு மூணு சேர்த்துப் போட்டுக்கலாம், ரசம் மட்டும் கிண்ணத்துல.

25 ஜனவரி, வியாழன்

காவடி. இன்னைக்கு லீவு நாள், விடியறதுக்கு முன்னாடியே ரோடு நிறைய ஆள். கோர் த கார்த் மலைக்கோவில் படி ஏறி இறங்கறதுக்குள்ள வெயில் கொளுத்திடுச்சு. கோவில்லயே சாப்பாடு போட்டாங்க, அதனால வீட்டுல ராத்திரிக்கு மட்டும்தான் சமையல், சொந்தக்காரங்க வந்தாங்க. பலாக்காய் கறி சட்டியில ஒட்டினதுகூட மிஞ்சல. அத்தை எல்லார்கிட்டயும் "தக்காளியே போடல தெரியுமா"ன்னு பெருமையா சொல்லிகிட்டு இருந்தாங்க, போன வாரம் யார் முகத்தைச் சுளிச்சாங்கன்னு நான் கேக்கல.

27 ஜனவரி, சனி

சம்பளம் வந்தாச்சு. இந்த மாசத்துல இருந்து குறைந்தபட்ச சம்பளத்தை 16,500 ரூபாயா ஏத்தியிருக்காங்க, நல்ல விஷயம்தான், ஆனா இன்னைக்கு சந்தையில பீன்ஸ் விலையைக் கேட்டுட்டு ஒருத்தர் பையை மடிச்சு பாக்கெட்ல வெச்சுகிட்டுப் போனார். பிப்ரவரிக்கும் அதே 2,500தான், அதுல வாரத்துக்கு 200 ரூபா புயல் உண்டியல்னு ஒதுக்கப் போறேன், புயல் சீசன் இன்னும் முடியல. பெரியவளுக்கு மீன் குழம்பு வேணுமாம், சின்னவனுக்கு முட்டை. மீன்காரர் இன்னும் கடலுக்குப் போகலையாம். முட்டைதான்.